பங்குனியிலும் சித்திரையிலும் கோடியக்கரை: பறவை பார்ப்பவரின் மதிப்புரை

கோடியக்கரைச் சரணாலயத்தைப் பற்றிப் பயணிகள் எழுதும் மதிப்புரைகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் வந்து பூநாரைக் கூட்டத்தைக் கண்டவர்கள் ஐந்து நட்சத்திரங்களை வாரி வழங்கிவிடுகிறார்கள். பங்குனியிலும் சித்திரையிலும் வந்தவர்கள், ‘பறவைகள் எல்லாம் போய்விட்டன, வெயிலைத் தவிர ஒன்றுமில்லை’ என்று எழுதி ஒற்றை நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேதாரண்யத்தில் குடியிருந்துகொண்டு ஆண்டு முழுவதும் இந்தக் கரையிலேயே பறவை பார்த்து வருபவன் என்ற முறையில், இந்த இரண்டாவது தீர்ப்பை மறுத்து எழுத எனக்குச் சற்று உரிமை உண்டு என்று கருதுகிறேன். எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்றால் தை மாதத்துக்கு ஈடில்லை. ஆனால் ஒரு பறவையை நின்று நிதானித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு, மார்ச் மாதத்தின் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரையான ஆறு வாரங்களே இங்கு வருவதற்கு ஏற்ற காலம்.

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, ஏறத்தாழச் செங்கோணமாக மேற்கே திரும்பும் முனையில் கோடியக்கரை இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. நீரிணைக்கு அப்பால் 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருத்தித்துறை. இலையுதிர்காலத்தில் தெற்கே போகும் காட்டுப் பறவைக்கு இது கடலைத் தாண்டும் முன் கிடைக்கும் கடைசி நிழல். இளவேனிலில் திரும்பி வரும்போது அதுவே முதல் நிழல். வெளிமான்களைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டோடு, பெரிய வேதாரண்யம் சதுப்புநிலம், தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற ஈரநிலம் இதுவே. பறவை பார்ப்பவருக்கு இந்தத் தகவலில் பயன்படுவது ஒன்றுதான்: உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, சேற்றுநிலம், உப்பளம், மணற்கரை என ஐந்து வகை வாழிடங்களையும் ஒரே காலைப்பொழுதில் சுற்றி வந்துவிடலாம்.

வலசை வரும் கரைப்பறவைகள் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும். மேலே சாம்பல், கீழே வெள்ளை. உருவ அளவையும் அலகின் வளைவையும் கால்களின் நிறத்தையும் வைத்துத்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய வேண்டியிருக்கும். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் தை மாதத்து உப்பளத்தில் சலித்துப்போவதற்கு இதுவே காரணம். மாசி கடந்ததும் அந்தச் சாம்பல் கலையத் தொடங்குகிறது. கர்லியூ சேண்ட்பைப்பர் எனப்படும் வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். மார்ச் நடுவில் அதன் மார்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்பழுப்பு இறகுகள் முளைத்திருக்கும். பார்ப்பதற்கு அழுக்குப் படிந்ததுபோல இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அதே கூட்டத்தைப் பார்த்தால், முகம் முதல் வயிறு வரை செங்கல் நிறமேறிய ஆண் பறவைகள் தென்படும். புத்திறகுகளின் ஓரங்கள் வெளிறியிருப்பதால் அந்தச் சிவப்பின்மீது வெண்துகள் தூவியதுபோன்ற தோற்றம் இருக்கும். அலகின் அடிப்பகுதியைச் சுற்றி மெல்லிய வெண்மை எஞ்சியிருக்கும். பறவை சேற்றில் அலகை இறக்கித் தலையைத் திருப்பும் நொடியில் காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால், ஒவ்வோர் இறகின் விளிம்பையும் தனித்தனியே காணலாம்.

இந்தப் பறவை இங்கிருந்து செல்வது சைபீரியாவின் வடகோடியிலுள்ள தூந்திரப் பகுதிக்கு. அங்கே கோடை மிகக் குறுகியது என்பதால், போய்ச் சேர்ந்த பிறகு நிறம் மாறிக்கொள்ள அதற்கு அவகாசம் இல்லை. உடல் கொழுப்பைச் சேர்ப்பதும் இறகு மாற்றுவதும் நம் உப்பளத்திலும் சதுப்பிலுமே நடந்தாக வேண்டும். ஆகவே ஏப்ரலில் இப்பறவைகள் இரை தேடும் வேகத்தில் தை மாதத்துச் சோம்பல் சிறிதும் இருக்காது. அலகை நிமிர்த்தாமல் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நம்மைப் பொருட்படுத்தாமல் நெருங்கியும் வரும். 2024ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் செம்பட்டியலில் இந்த உள்ளானை அழிவாய்ப்புள்ள இனமாக உயர்த்தியது. இங்கே அது இன்னும் சாதாரணமாகக் கண்ணில் படுவதால் இந்தச் செய்தி உள்ளூரில் பலருக்கு எட்டவில்லை.

மற்றவற்றையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. மங்கோலிய உப்புக்கொத்தி என்று நாம் வழங்கிவந்த பறவையை அண்மைய வகைப்பாட்டில் இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத்தியப் பிரிவைச் சேர்ந்தவை. தை மாதத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் மணலோடு மணலாக நிற்கும் அந்தப் பறவை, ஏப்ரலில் கண்ணைச் சுற்றிக் கருப்பு முகமூடியும் மார்பில் செம்பழுப்புப் பட்டையும் அணிந்து ஆளே மாறி நிற்கும். 20 முதல் 30 கிராம் எடை மட்டுமே உள்ள கொசு உள்ளானின் முகம் செம்மஞ்சளாகவும் தொண்டை வெண்மையாகவும் மாறியிருக்கும். பசிபிக் பொன் உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கருப்பாகி, அந்தக் கருப்பின் ஓரமாக நெற்றியிலிருந்து விலா வரை ஒரு வெண்கோடு ஓடும். மீசை ஆலாக்களுக்கு உச்சந்தலை கருத்து, வயிறு கருஞ்சாம்பலாகி, இடையில் கன்னம் மட்டும் வெள்ளையாக நிற்கும். கருவால் மூக்கன்களில் நிறம் ஏறியவை சிலவே கிடைக்கும். கிடைத்தால் அந்தக் காலைப்பொழுதை அவற்றுக்கே கொடுத்துவிடலாம்.

ஒரு கூட்டத்தில் எல்லாப் பறவைகளும் நிறம் மாறியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முந்தைய ஆண்டில் பிறந்த இளம் பறவைகளில் கணிசமானவை அந்தக் கோடையில் வடக்கே போவதில்லை. சாம்பல் நிறத்திலேயே இங்கு தங்கிவிடும். ஜூன் மாதத்தில் உப்பளத்தில் உள்ளானைப் பார்த்துவிட்டு ‘வலசை சீக்கிரமே தொடங்கிவிட்டது’ என்று எழுதுபவர்கள் இவற்றைத்தான் பார்த்திருப்பார்கள். ஏப்ரல் கூட்டத்தில் சிவந்தவற்றையும் சாம்பலானவற்றையும் தனித்தனியே எண்ணி வைப்பது, என் பார்வையில், மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்துவைப்பதைவிடப் பயனுள்ள வேலை.

எங்கே நிற்பது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் விடியற்காலையில் நேரே கிழக்குக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். கதிரவன் எழுவதைப் பார்க்க அது சிறந்த இடம். பறவைகளைப் பார்க்க அந்த நேரத்தில் அதைவிடப் பொருந்தாத இடம் இல்லை, ஏனெனில் ஒளி முழுவதும் கண்ணில் விழுந்து பறவை வெறும் நிழலுருவாகத் தெரியும். காலையில் சதுப்புநிலத்தின் கிழக்கு ஓரத்தில், முதுகில் வெயில் விழும்படி நின்று மேற்கே பார்க்க வேண்டும். கடற்கரையை மாலைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். ஓத அட்டவணையைத் தேடி எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது இங்கே பெரிதாக உதவாது. பாக் நீரிணையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. சதுப்பில் நீரை நகர்த்துவது பெரும்பாலும் காற்றுதான். முதல் நாள் மாலை தெற்கிலிருந்து பலமாகக் காற்று வீசியிருந்தால், நேற்று சேறாகக் கிடந்த இடத்தில் இன்று விரற்கடை ஆழத்துக்கு நீர் நிற்கலாம். கூட்டமும் இடம் மாறியிருக்கும். வடகிழக்குப் பருவமழை நிரப்பிவிட்டுப் போன சதுப்பு மார்ச்சில் வேகமாக வற்றிவிடுவதால், மிச்சமுள்ள ஆழமற்ற குட்டைகளிலும் உப்பளப் பாத்திகளிலும் பறவைகள் நெருக்கமாகத் திரளும். மொத்த எண்ணிக்கை குறைந்த பருவத்திலும் அருகில் நின்று பார்க்க முடிவது இதனால்தான்.

உப்பளத்தில் எல்லாப் பாத்திகளும் ஒன்றல்ல. கடல்நீர், உப்புநீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவையில் ஏறத்தாழ மூன்றரை டிகிரியோடு முதல் தேக்கத்துக்குள் வருகிறது. பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் காய்ந்து, ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்குகிறது. முதல் தேக்கத்தில் மீன் இருக்கும். ஆகவே அங்கே நாரைகளும் கொக்குகளும் ஆலாக்களும் நிற்கும். நடுப்பட்ட பாத்திகளில் மீன் பிழைக்காது. ஆனால் உப்பைத் தாங்கி வாழும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறால் பெருகும். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் நீரை அலசி வடிகட்டுவதும், நெடுங்கால் உள்ளான் நீர்ப்பரப்பில் கொத்துவதும், கொசு உள்ளான்கள் ஓரத்தில் ஓடியோடிப் பொறுக்குவதும் அங்கேதான். கடைசிப் பாத்தி இளஞ்சிவப்பாக மின்னும், படம் எடுக்க அழகாக இருக்கும், பறவை இருக்காது. பயணிகளின் படங்களில் அந்தக் கடைசிப் பாத்தியே மீண்டும் மீண்டும் இடம்பெறுவதைப் பார்த்தால், ‘பறவையே இல்லை’ என்ற முறையீட்டின் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். மார்ச், ஏப்ரல் உப்பு வாருவதற்கும் உச்சக்காலம். வரப்பில் நடக்கும்போது வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நடப்பதே முறை; ‘எந்தப் பாத்தியில் இப்போது நீர் புதிதாக விட்டிருக்கிறீர்கள், அண்ணே?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் கிடைக்காது. பெரிய தொழிற்சாலைகளுக்குச் சொந்தமான உப்பளங்களுக்குள் முன்அனுமதி இல்லாமல் போக இயலாது. சாலையோரத்திலிருந்து தெரிவதே போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்தின் உண்மையான குறை கானல். சித்திரையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் சேற்றுநிலத்தின்மேல் காற்று நெளியத் தொடங்கி, நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையின் கால்கள் உருகி ஓடுவதுபோலத் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பாட்டிங் ஸ்கோப்பாக (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) இருந்தாலும் இதற்கு மருந்தில்லை. உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட நெளிவும் பெரிதாகுமே தவிர பறவை தெளிவாகாது. ஆகவே 20இலிருந்து 60 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப் கையில் இருந்தாலும் 25, 30 மடங்குக்கு மேல் போகாதிருப்பது நல்லது. பைனாகுலரில் பத்து மடங்கைவிட எட்டு மடங்கை, அதாவது 8×42ஐ, இந்தக் கரைக்குப் பரிந்துரைப்பேன். காற்று வீசும் வெளியில் கை நடுக்கம் குறைவாகத் தெரியும். பார்வைப் பரப்பும் அகலம் என்பதால் பறந்து திரும்பும் கூட்டத்தைத் தொடர்வது எளிது. ஸ்கோப்புக்குக் கனமான டிரைபாடே ஏற்றது. அலுமினியமாயினும் கார்பனாயினும், கடற்காற்று உதைக்கும் இடத்தில் இலேசான கால்கள் பயன்படமாட்டா. வீடு திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் துடைத்துவிடக் கூடாது, ஏனெனில் அதில் படிந்திருப்பது உப்புத்துகள். முதலில் நல்ல நீரால் ஈரப்படுத்திக் கழுவிவிட்டு (நீர்ப்புகாக் கருவியாக இருந்தால் மட்டும்) பிறகுதான் துடைக்க வேண்டும்.

ஆக, பயனுள்ள நேரம் விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரையும், மாலை நாலரைக்குப் பிறகு இருட்டும் வரையுமே. இடைப்பட்ட நேரத்தில் வெளியில் சுற்றுவது வீண். காட்டின் நிழலுக்குள் போய்விட வேண்டும். கோடியக்காட்டின் பாலை மரங்களும் நாவலும் உவாயும் அடர்ந்த நிழலில், இந்தப் பருவத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த பறவை ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கழித்துவிட்டு, இமயமலை அடிவாரத்துக்கும் நடு இந்தியாவுக்கும் இனப்பெருக்கத்துக்காகத் திரும்பும் பறவை அது. ஏப்ரலில் பாக் நீரிணையைத் தாண்டி வந்து களைத்து இறங்கியவை, காட்டுத் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். தேடிப் போனால் கிடைக்காது. சருகு அதிகம் கிடக்கும் ஓர் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்து, சருகு புரளும் ஒலிக்குக் காதைக் கொடுத்திருக்க வேண்டும். பச்சை முதுகும், மஞ்சள் கலந்த மார்பும், அடிவயிற்றின் சிவப்பும், கண்ணை மூடிய கருப்புப் பட்டையும் நிழலில் முதலில் தெரிவதில்லை. குட்டை வால் அசைவதுதான் முதலில் கண்ணில் படும். அதே நாட்களில் சூறைக்குருவிகள் எனப்படும் சோளப்பட்சிகள் கருப்பும் ரோஜாவுமாகப் பளபளப்பேறி, உவாய்ப் பழங்களில் அடைந்து கூச்சலிட்டுக்கொண்டிருக்கும். அவை நடு ஆசியாவை நோக்கிப் புறப்படும் நேரமும் அதுவே. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் இந்தக் காடு அடைந்த சேதம் பெரிது. சாய்ந்த மரங்களின் இடைவெளியில் வெளிச்சம் புகுந்து, சீமைக்கருவேல் தலைகாட்டிய இடங்களும் உண்டு. நிழல் தொடர்ச்சியாக உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து உட்காருவது இதனாலும் முக்கியம்.

மணற்கரையைப் பற்றி ஓர் எச்சரிக்கையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சின்னஞ்சிறு உப்புக்கொத்தி ஒன்றை 2023இல் தனி இனமாகப் பிரித்து, இரு நாடுகளுக்கும் இடையிலான மணல்திட்டுகளோடு தொடர்புள்ள அனுமனின் பெயரை அதற்கு இட்டார்கள். கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கருப்புப் பட்டை இல்லாமல் வெண்மையாக இருப்பதைக் கொண்டு பிரித்தறியலாம். வலசைப் பறவைகள் புறப்படும் இதே நாட்களில் இது இங்கேயே முட்டையிடத் தொடங்குகிறது. கூடு என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. வெறும் மணலில் ஒரு குழி, அதில் மணல் நிறத்தில் புள்ளியிட்ட முட்டைகள். உப்பளத்து வரப்புகளிலும் கரையோர மேட்டிலும் நெடுங்கால் உள்ளான்களும் சின்ன ஆலாக்களும் இதே முறையில் முட்டையிடுகின்றன. ஒரு பறவை நம்மெதிரே இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடினால், அதைப் படம் எடுக்கப் பின்தொடரக் கூடாது. அது நம்மைக் குஞ்சிடமிருந்தோ முட்டையிடமிருந்தோ அப்பால் அழைத்துப்போகப் பார்க்கிறது என்று பொருள். வந்த தடத்திலேயே திரும்பி, இருபது முப்பது மீட்டர் விலகி உட்கார்ந்தால், சற்று நேரத்தில் அது முட்டைக்குத் திரும்பிவிடும். சித்திரை வெயிலில் முட்டை நிழலின்றிக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு ஆபத்து. நாயையும் ஆர்வம் மிகுந்த சிறு பிள்ளைகளையும் இந்த மேட்டுப் பகுதிக்கு அழைத்துவராதிருப்பது நல்லது.

இனி வசதிகள். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே அன்றைய கட்டணத்தையும், எந்தெந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் அவ்வப்போது மாறுகின்றன. வாகனத்திலேயே சுற்றிவிட்டுத் திரும்புவதைவிட, அனுமதிக்கப்பட்ட பகுதியில் இறங்கி நடப்பது பறவை பார்ப்பவருக்குப் பல மடங்கு பயன் தரும். வெளிமான் கூட்டமும் மட்டக்குதிரைகளும் வழியில் தாமாகவே தென்படும், அவற்றுக்காக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கண்காணிப்புக் கோபுரங்கள் பரந்த பார்வைக்கு நல்லவை. ஆனால் கரைப்பறவைகளை அருகிலிருந்து பார்க்கத் தரைமட்டமே ஏற்றது. வனத்துறையின் பூநாரை இல்லம் காட்டுக்கு அருகிலேயே இருப்பதால், விடியற்காலையில் களத்தில் நிற்க விரும்புபவருக்கு அதைவிட வசதியான தங்குமிடம் இல்லை. முன்பதிவை நன்றாக முன்னதாகவே செய்துகொள்ள வேண்டும். வெளியூரிலிருந்து வந்த நண்பர்களுக்காக நான் ஏற்பாடு செய்த ஒரு தனியார் விடுதியில் (பெயர் வேண்டாம்) காலை ஐந்து மணிக்குக் கேட்டைத் திறக்க ஆளில்லை. திறந்து வெளியேறுவதற்குள் ஆறரை ஆகிவிட்டது. ஆகவே எங்கே தங்கினாலும், முதல் நாள் இரவே காவலாளியிடம் பேசி வைத்துக்கொள்வது நலம். கோடியக்கரையிலேயே முழுச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி வரக் கூடாது. தேநீரும் சிறு பலகாரங்களும் கிடைக்கலாம். மதியச் சாப்பாட்டை வேதாரண்யத்தில் முடித்துக்கொள்வதோ, கட்டுச்சோறாகக் கொண்டுவருவதோ மேல். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக் கூடாது.

அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் கோடியக்கரையில் வந்து தங்கித் தொழில் செய்வதால், குளிர்காலத்தில் கரை முழுக்க வலையும் படகும் ஏலக்கூச்சலுமாக இருக்கும். பங்குனியில் அவர்கள் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். ஏப்ரல் 15இலிருந்து 61 நாட்களுக்கு விசைப்படகுகளுக்கான தடைக்காலமும் தொடங்கிவிடும். கரையில் ஆள் நடமாட்டம் குறைவதால் கல்திருப்பி உள்ளான்களும் பவளக்காலிகளும் அலையோரம் வரை அச்சமின்றி இறங்குகின்றன. மீன்கழிவுக்காகக் கூடியிருந்த பழுப்புத்தலைக் கடற்காகங்கள் மட்டும் குறைந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை எப்படியும் வடக்கே புறப்படும் நேரம் அது.

வழிகாட்டி தேவையா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. முதல் தடவை வருபவர் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் புறப்படும் முன்பே நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘பூநாரை வேண்டாம், கரைப்பறவைகள்தான் வேண்டும், ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்காருவோம்’ என்று சொல்லாவிட்டால், நல்லெண்ணத்தோடேயே நம்மை ராமர் பாதம் வரை வண்டியில் அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கடல்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரமே உள்ள அந்த மேடுதான் இந்தப் பகுதியிலேயே உயரமான இடம். வணங்குவதற்கும் காற்று வாங்குவதற்கும் போகலாம், உள்ளான் பார்ப்பதற்கு அல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருவதால், உள்ளூரில் பறவைகளின் பெயரும் பழக்கமும் நன்கறிந்த மூத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அத்தகைய ஒருவர் கூட வர இசைந்தால் அன்றைய நாள் முழுவதையும் அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுவது நல்லது. பறவையின் காலில் வளையமோ நிறப்பட்டையோ தெரிந்தால், அதன் நிறம், எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எழுத்துகள் எவை என்பவற்றை அங்கேயே குறித்துக்கொண்டு கழகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். நாளின் பட்டியலை ஈபேர்ட் செயலியில் பதிவிடும்போது, முழுப் பட்டியலாக, இடத்தைப் பிரித்துப் பதிவிடுவது பயன் தரும்: சதுப்பு ஒன்றாக, உப்பளம் ஒன்றாக, காடு ஒன்றாக. கரண்டிமூக்கு உள்ளான் இங்கே பார்க்கப்பட்டதாகப் பழைய பதிவுகள் உண்டு என்பதை அறிந்து, அதை மட்டுமே தேடி வருபவர்களுக்கு என்னால் எந்த உறுதியும் தர முடியாது.

மதிப்பெண் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பறவைகளுக்கு ஐந்துக்கு ஐந்து, ஒளிக்கும் கானலுக்கும் இரண்டரை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மூன்று. குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வருபவர்கள் தை மாதத்திலேயே வரட்டும். கரைப்பறவைகளில் ஓரளவு பழக்கமான பிறகு, ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கும்படி வருவது சரியாக இருக்கும். ஒரு காலை காற்றிலோ கானலிலோ போய்விட்டாலும் மற்றொன்று கிடைக்கும். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டிக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் இடையிலான 37 கிலோமீட்டர் அகலப்பாதை திறக்கப்பட்ட பிறகு, வண்டியில்லாதவர்களும் ரயிலில் வந்து இறங்கலாம். அகஸ்தியம்பள்ளியோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது; அங்கிருந்து கோடியக்கரைக்குப் பேருந்தோ ஆட்டோவோதான். ஸ்கோப்பும் டிரைபாடும் தூக்கி வருபவர்கள் ஆட்டோவைப் பேசி வைத்துக்கொள்வதே மேல். மாலைக் காட்சி முடியும்போது இருட்டிவிடும் என்பதால், திரும்பிப் போவதற்கும் அதே ஆட்டோக்காரரிடமே நேரம் குறித்துவிட வேண்டும்.